பாதியில் இறங்கியவர்

அண்ணன் வருவது தெருமுனையிலேயே தெரிந்துவிடும். ஹாரன் அடிப்பார், எதிர்வீட்டுக்காரரை வம்புக்கு இழுப்பார், படியேறும்போதே "என்ன தங்கச்சி, அடுப்புல என்ன?" என்று குரல் கொடுப்பார். ஆனால் அந்தப் புதன்கிழமை சாயங்காலம் அவர் வந்தது யாருக்கும் தெரியவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை முடித்து வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த தங்கை நிமிர்ந்தபோது, மாடிப்படியில் பூனை மாதிரி நின்றிருந்தார்.

"என்னண்ணா, உடம்பு சரியில்லையா?"

"மாப்ள இருக்காரா?"

இருந்தார். காலை ஷிப்ட் முடிந்து வந்து, அடுத்த நாளுக்கான சீருடைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார் அவள் கணவர்.

அண்ணனை ஊரே 'மலை' என்று கூப்பிடும். நாட்டின் பெரிய சைக்கிள் பந்தயத்தை மூன்று முறை ஜெயித்தவர். சமதரையில் எல்லோரையும் போலத்தான் ஓட்டுவார். மலை வந்துவிட்டால் மற்றவர்கள் நாக்குத் தள்ளி நிற்க, இவர் மட்டும் படியேறிப் போகிற மாதிரி போவார். இப்போது இளைஞர் அணிகளுக்குத் தலைமைப் பயிற்சியாளர். அவள் கணவரும் ஒரு காலத்தில் அதே அணியில் இருந்தவர்தான். மலையடிவாரம் வரைக்கும் முன்னால் போய் எதிர்காற்றைத் தன் நெஞ்சில் வாங்கி, பின்னால் வரும் 'மலை'யைக் களைப்பில்லாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் வேலை. அந்தப் பழக்கத்தில்தான் கூட்டாளியின் தங்கையையே கட்டினார்.

கல்யாணமான சில மாதத்தில், பெரிய பந்தயத்தின் நடுவே, கடைசி மலை தொடங்கும் இடத்தில் அவர் இறங்கிவிட்டார். சைக்கிளைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, பின்தங்கியவர்களை அள்ளிக்கொண்டு வரும் வண்டியில் போய் உட்கார்ந்தார். முட்டி வலி என்றார்கள். அதற்கப்புறம் அவர் பந்தயப் பக்கமே போகவில்லை. நகரப் பேருந்து ஓட்டப் போனார். பழைய வீரர்கள் இன்றைக்கும் அவரை 'முட்டி' என்றுதான் சொல்வார்கள்.

அவள் அப்பாவுக்கு அது பெரிய குறை. "பொண்ணைக் கொடுத்ததுதான் கொடுத்தோம், மலை ஏறுறவனாப் பார்த்துக் கொடுத்திருக்கலாம்" என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை காதில் விழும்படியே சொல்வார். அவள் ஒரு தடவைகூட மறுத்துப் பேசியதில்லை.

அவளே பேசியதும் உண்டு. மகள் பள்ளியில் படிக்கும்போது, மாமா மாதிரி நானும் ஓட்டுவேன், பந்தய சைக்கிள் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். "வேற எது வேணாலும் கேளு, இது மட்டும் வேண்டாம்" என்று கணவர் ஒரே பிடியாய்ப் பிடித்தார். காரணம் சொல்லவில்லை. வாய்ச் சண்டை முற்றி, அவள் சொன்னாள்: "பாதியில இறங்குறதுதான் உங்களுக்குத் தெரியும். அவளையாவது ஏற விடுங்க." மகள் அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து அப்பாவிடம் அவள் பேச்சு 'சரி', 'ம்', 'அம்மாகிட்ட கொடுங்க' என்று சுருங்கிவிட்டது. இப்போது வேறு ஊரில் வேலை பார்க்கிறாள்; மாமாவின் படம் அங்கேயும் அவள் சுவரில் இருக்கிறது.

அந்த வாரம் பத்திரிகை முழுக்க ஒரே பேச்சு. பழைய காலத்தில் ஊக்கமருந்து எடுத்தவர்கள் தாமாக முன்வந்து உண்மையைச் சொன்னால், தடை கிடையாது, பட்டம் பறிபோகாது, பொதுமன்னிப்பு. அதைப் பரிந்துரைக்கலாமா வேண்டாமா என்று முன்னாள் வீரர்கள் சங்கம் சனிக்கிழமை கூடி முடிவெடுக்கப் போகிறது.

டீ போட்டுக்கொண்டு வந்தபோது அண்ணன் தணிந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். "நீ வந்து பேசணும் மாப்ள. அங்க உன் பேச்சுக்குத்தான் மதிப்பு. உன்மேல ஒருத்தனும் விரல் நீட்ட முடியாது."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வீட்டுக்காரர் சங்கக் கூட்டத்திலேயே வாயைத் திறக்காத மனுஷன். இவர் பேச்சுக்கு எப்போதிருந்து மதிப்பு வந்தது?

"மச்சான், நான் பஸ் ஓட்டுறவன். எனக்கும் அதுக்கும் என்ன இருக்கு?"

"அந்த டாக்டர் திரும்ப வந்துட்டார், மாப்ள. சின்னப் பசங்க அணிக்கு. போன வாரம் முகாம்ல பார்த்தேன். அதே சிரிப்பு, அதே தோள்ல தட்டுறது. அவர் யாருன்னு நான் சொல்லணும். ஆனா சொன்னா, உனக்கு எப்படித் தெரியும்னு கேப்பாங்க."

"கேக்கத்தான் செய்வாங்க."

அவள் தட்டை மேஜையில் வைத்தாள். "உனக்கு எப்படித் தெரியும்ணா?"

இருவரும் நிமிர்ந்து பார்த்தார்கள். இஸ்திரிப் பெட்டியைக் கணவர் நிமிர்த்தி வைத்தார். அண்ணன் டீயை எடுத்தார், குடிக்காமல் திரும்ப வைத்தார்.

"நான் போட்டுக்கிட்டேன்மா," என்றார். "மூணு தடவையும்."

பிறகு நிறுத்தாமல் சொன்னார். விடுதி அறையில் திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டு, மலையில் மூச்சு வாங்காமலிருக்க முன்பே எடுத்துவைத்த தங்கள் ரத்தத்தைத் திரும்ப ஏற்றிக்கொள்ள, படம் மாட்டுகிற ஆணியில் ரத்தப் பையைத் தொங்கவிட்டு, அந்த டாக்டர் ஊசி குத்த, ஆளுக்கொரு கட்டிலில் கையை நீட்டிப் படுத்திருப்பார்களாம். அணியில் 'சுண்டு' என்று ஒரு பையன், எல்லோரையும் சிரிக்க வைப்பவன், ஒரு குளிர்காலத்தில் தூங்கப் போனவன் எழுந்திருக்கவே இல்லை. இதயக் கோளாறு என்று சொல்லி முடித்துவிட்டார்கள். அந்தப் பெரிய பந்தயத்தில், கடைசி மலைக்கு முந்தின நாள், மேலாளர் மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, கையை நீட்டு, இல்லாவிட்டால் வீட்டுக்குப் போ என்றார்.

"நான் கட்டில்ல ஊசியோட படுத்திருக்கேன். கண்ணை மூடிக்கிட்டுப் போட்டுக்கோ மாப்ளன்னு நானும் சொன்னேன். மாட்டேன்னுட்டார். மறுநாள் அடிவாரம் வரைக்கும் எனக்காக எதிர்காத்தை வாங்கிட்டு, இறங்கிட்டார்."

"முட்டி?"

"முட்டிவலின்னு சொல்லுன்னு சொன்னதே நான்தான். வீட்ல யாருக்கும் தெரியக்கூடாதுன்னு கையைப் பிடிச்சுக் கேட்டுக்கிட்டேன்."

கல்யாணமான முதல் குளிர்காலம் முழுக்க அவள் அவருக்கு வெந்நீர்ப் பை ஒத்தடம் கொடுத்திருந்தாள். ஒரு நாள் இடது முட்டியை நீட்டுவார், ஒரு நாள் வலது முட்டியை. "வலி இப்படிக் குடித்தனம் மாறுமா?" என்று கேலி செய்திருக்கிறாள். அவரும் சிரித்திருக்கிறார்.

அண்ணன் போய்விட்டார். கணவர் சட்டையின் இன்னொரு கையைத் தேய்க்கத் தொடங்கினார்.

"ஏங்க என்கிட்ட சொல்லல?"

"அவர்கிட்ட வாக்குக் கொடுத்துட்டேன்."

"நான் உங்க பொண்டாட்டி. எங்கப்பா வாய்க்கு வந்ததெல்லாம் பேசினாரே, அப்பவாவது சொல்லியிருக்கலாமே. நானும்தானே பேசினேன்."

அவர் பெட்டியின் ஒயரைப் பிடுங்கிச் சுற்றினார். கோபம் இல்லாமல்தான் கேட்டார். "சொல்லியிருந்தா, நீ யாரை நம்பியிருப்ப?"

பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. ஜெயித்த அண்ணனைத் தோற்ற புருஷன் பொறாமையில் சொல்கிறான் என்றுதான் நினைத்திருப்பாள். அது அவருக்கும் தெரிந்திருக்கிறது, அப்போதே. அதைத் தெரிந்துகொண்டே இத்தனை வருஷம் அவள் போட்ட காபியைக் குடித்திருக்கிறார்.

சனிக்கிழமை அவளும் கூடப் போனாள். விளையாட்டரங்கின் பின்பக்கம் ஒரு கூடம், பிளாஸ்டிக் நாற்காலிகள், பேசுபவனை முந்திக்கொண்டு கத்துகிற மைக். வந்திருந்தவர்கள் எல்லோரும் தொப்பை விழுந்தவர்கள், ஆனால் உட்கார்ந்தால் இன்னும் சைக்கிளில் குனிவதுபோல் முதுகை வளைத்துத்தான் உட்கார்ந்தார்கள். அண்ணன் முன்வரிசையில் தலைகுனிந்திருந்தார்.

டயர் கடை வைத்திருக்கும் ஒருவர் மைக்கைப் பிடுங்காத குறையாகப் பேசினார். "நான் ஊசி போடல. அதனால எனக்கு எந்த அணியிலும் இடம் கிடைக்கல. இவனுங்க கொள்ளையடிச்சாங்க. இப்ப வந்து, ஆமா அடிச்சோம்னு சொன்னாப் போதுமா? கோப்பையும் இவனுங்களுக்கு, நல்ல பேரும் இவனுங்களுக்கு. அப்ப ஒழுங்கா இருந்த நாங்க என்ன இளிச்சவாயனுங்களா?"

கைதட்டல் கூரையைப் பிளந்தது. அவளும் தட்டினாள், தட்டிய பிறகுதான் அண்ணன் முதுகு கண்ணில் பட்டது.

"முட்டி பேசட்டும்" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். அவர் எழுந்தார். மைக்கை வாங்கிக்கொள்ளவில்லை.

"டயர்க்காரர் சொன்னதுல ஒரு எழுத்து தப்பில்ல," என்றார். "என்கிட்ட கேட்டா, எனக்கு மன்னிக்க மனசு வரல. வரவும் வராதுன்னு நினைக்கிறேன். நான் ஏற வேண்டிய மலை ஒண்ணு அங்கேயே நிக்குது. அதை எவனாலும் திருப்பித் தர முடியாது." டயர்க்காரர் பக்கம் திரும்பினார். "ஆனா தண்டனைன்னா எவனும் வாயைத் திறக்க மாட்டான். இத்தனை வருஷம் திறக்கலையே. இவங்க திறக்கலேன்னா ஊசி போட்டுவிட்டவங்க இன்னும் பசங்களுக்குப் போட்டுக்கிட்டேதான் இருப்பாங்க. சுண்டு மாதிரி இன்னொருத்தன் தூக்கத்துல போவான். அதனால சங்கம் மன்னிச்சிரட்டும். அது வேற. என்னை மன்னிக்கச் சொல்லாதீங்க. அது வேற."

உட்கார்ந்துவிட்டார். யாரும் கைதட்டவில்லை. மன்னிப்புக்குச் சம்மதிப்பவர்களைக் கை தூக்கச் சொன்னபோது பாதிக்குமேல் தூக்கினார்கள். அவள் கணவரும் தூக்கினார். டயர்க்காரர் எழுந்து வெளியே போனார். அண்ணன் மட்டும் கையைத் தூக்கவும் இல்லை, நிமிரவும் இல்லை.

நடைவழியில் அண்ணன் குறுக்கே வந்து கையைப் பிடிக்கப் பார்த்தார். "மாப்ள..."

"டாக்டர் பேரை முதல்ல சொல்லிருங்க மச்சான். அதைத் தள்ளிப்போடாதீங்க," என்றார் கணவர். "எனக்கு மதிய ஷிப்ட் இருக்கு." கையை உருவிக்கொண்டு படியிறங்கினார்.

அண்ணன் சொல்லிவிட்டார், குறை சொல்ல முடியாது. டாக்டர் பேரிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னார். டாக்டர் கைதானார். அண்ணன் சுண்டுவின் அம்மாவிடம் போய் மன்னிப்புக் கேட்டார். அந்தம்மா கதவைச் சாத்தவும் இல்லை, உள்ளே வாவென்று சொல்லவும் இல்லையாம். தொலைக்காட்சியில் அழுதார். மறுநாளே 'நெஞ்சுரம் கொண்ட மனிதர்' என்று எழுதினார்கள். கண்ணாடிக் கடைக்கு வந்தவர்கள் அவளிடம், "உங்கண்ணனுக்கு எவ்வளவு தைரியம்!" என்றார்கள். அவள் பிரேமின் திருகை முடுக்கிக்கொண்டே, ஆமாம் என்றாள். பேருந்து ஓட்டுகிறவரைப் பற்றி யாரும் எதுவும் எழுதவில்லை. அண்ணன் அவர் பேரைச் சொல்லியிருந்தார்தான். நேரம் போதவில்லை என்று அந்தப் பகுதியை வெட்டிவிட்டார்களாம்.

மகள் அழைத்தாள். முழுக்கப் பார்த்திருக்கிறாள். மாமா தானாகவே அழைத்து, காட்டாமல் விட்டதையும் அவளிடம் சொல்லியிருக்கிறார். "அப்பாகிட்ட கொடும்மா," என்றாள்.

அவர் போனை வாங்கினார். அந்தப் பக்கம் அழுகை மட்டும்தான் கேட்டது. "சரி விடு. சாப்டியா?" என்றார். அப்புறம், "உன் வீட்டுக் குழாய் ஒழுகுதுன்னு அம்மா சொன்னாளே, சரி பண்ணிட்டியா? வாஷர் போயிருக்கும். நான் வந்து மாத்தித் தரேன்." அந்த ஒழுகுகிற குழாயைப் பற்றியே இரண்டு பேரும் வெகுநேரம் பேசினார்கள். அவர்களுக்குப் பேசிக்கொள்ள அவ்வளவுதான் மிச்சம் இருந்தது. அதைச் சுருக்கி வைத்தவள் தான்தான் என்று அவளுக்குத் தெரியும்.

அவரிடம் அவளும் மன்னிப்புக் கேட்டாள். சாப்பாட்டு மேஜையில், நேருக்கு நேராக. "நான் அன்னைக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

"என்னைக்கு?" என்றார் அவர். மறந்துபோய்க் கேட்கவில்லை. எந்தநாள் என்று அவளாலும் சொல்ல முடியவில்லை, ஒருநாளா இரண்டுநாளா?

அண்ணன் வருவது நின்றுபோனது. அவளுக்குப் பிறந்த வீடு என்று மிச்சம் இருப்பது அவர் ஒருவர்தான். வெறுக்கலாம் என்று பார்த்தாள். சின்ன வயதில் சைக்கிள் பாரில் உட்காரவைத்துக் கூட்டிப்போன கை நினைவுக்கு வந்து கெடுத்தது. ஒருநாள் கடைக்கே வந்தார், படிக்கிற கண்ணாடி வேண்டும் என்று. மூக்கின் மேல் பிரேமை வைத்து, இரு கண்ணுக்கும் இடையே அளவு எடுக்கும்போது அவர் முகம் அவள் முகத்துக்கு வெகு பக்கத்தில் இருந்தது. ரொம்ப வயதாகிவிட்டிருந்தது.

"வீட்டுக்கு வரலாமா தங்கச்சி?"

"அது என் வீடு மட்டும் இல்லண்ணா. அவரைக் கேக்கணும்."

கேட்டாள். அவர் யோசிக்கக்கூட இல்லை.

"உன் அண்ணன். தாராளமா வரட்டும். என்னைக்குன்னு மட்டும் முன்கூட்டிச் சொல்லு. அன்னைக்கு நான் டிப்போவுல ட்யூட்டி கேட்டு வாங்கிக்கிறேன்."

இப்போது மாதம் ஒருமுறை அண்ணன் வருகிறார். ஹாரன் அடிப்பதில்லை. அக்கம்பக்கத்தார், நெஞ்சுரம் கொண்டவர் போகிறார் என்று எட்டிப் பார்க்கிறார்கள். அவள் சாப்பாடு போடுகிறாள், மகளைப் பற்றிச் சொல்கிறாள், அண்ணியை விசாரிக்கிறாள். "மாப்ள எத்தனை மணிக்கு வருவார்?" என்று அண்ணன் ஒவ்வொரு தடவையும் கேட்கிறார்.

"நீ கிளம்பினப்புறம்," என்கிறாள் அவள்.