கீழிருந்து எழுதிய நோட்டு

மரிய ஆனந்தைப் பெட்டிக்குள் இறக்கியபோது அங்கே இருந்தவர்கள் ஆறு பேர். தலைமாட்டில் அப்பா பெரியநாயகம், ஓய்வுபெற்ற சர்வேயர். கால்மாட்டில் அம்மா அருளம்மாள். ஜெபமாலையோடு அக்கா ஆரோக்கிய ஷீலா. பெட்டியின் மூடியைப் பிடித்துக்கொண்டு சித்தப்பா ஆரோக்கிய பிரபு. சுவரோரம் ஏட்டு செம்மலை. நிலைப்படிக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்ட சிநேகிதன் மாயக்கண்ணனையும் சேர்த்துத்தான் ஆறு.

பெரியநாயகம் மகனின் காலரை நிமிர்த்தி மேல் பொத்தானைப் போட்டார். கழுத்து வீங்கியிருந்ததால் அது போகவில்லை. திரும்பவும் முயன்று போட்டே விட்டார்.

அமராவதிபுதூருக்கே செய்தி தெரியும். நேமத்தான்பட்டியில் பூட்டிக் கிடந்த செட்டியார் வீட்டு மாடிக்கூரையிலிருந்து முந்தாநாள் பட்டப்பகலில் விழுந்து செத்தான். சுவரேறி உள்ளே போயிருக்கிறான். அந்த வருஷம் அப்படிப்பட்ட வீடுகளில் தூணும் கண்ணாடியும் தொடர்ந்து களவு போய்க்கொண்டிருந்தன. யாரும் யாரிடமும் விளக்கம் கேட்கவில்லை. பெட்டியைத் தூக்க வந்த கோயில் ஆட்களில் நான்கு பேர் டீ குடித்துவிட்டு வருவதாகப் போனார்கள். ஒரு மணி நேரமாகியும் திரும்பவில்லை.

ஏட்டு மஞ்சள் பையைப் பிரித்தார். "அய்யா, நேரங்கெட்ட நேரந்தேன். இது அங்க கெடந்துச்சு, ஒங்க பொருளான்னு மட்டும் சொல்லிருங்க."

தோல் உறை போட்ட நூறடி டேப். உறையில் பெரியநாயகத்தின் முதலெழுத்துகள். கூடவே ஒரு நாற்பது பக்க நோட்டு.

"டேப்பு என்னோடது. கேக்காம எடுத்துட்டுப் போயிருக்கான்."

பிரபு நோட்டை வாங்கி மேலிருந்து வாசித்தார். "மாடி ஜன்னல் எட்டு. பெல்ஜியம் கண்ணாடி ரெண்டு. வளவுத் தூண் பன்னெண்டு. தேக்குக் கதவு ஒண்ணு..." குரல் இறங்கிப்போய் நின்றது.

"இதத்தான் இன்ஸ்பெக்டர் களவு லிஸ்ட்டுங்கிறாரு" என்றார் ஏட்டு, தரையைப் பார்த்து.

பிரபு அண்ணனை அடுப்படிப் பக்கம் ஒதுக்கினார். "அண்ணே, நாஞ் சொல்றதக் கேளுங்க. எனக்குத் தெரிஞ்ச இஞ்சினியர் ஒருத்தரு இருக்காரு. அவரு பிளான் எடுக்க அனுப்புனாருன்னு சொல்லிருவம். எழுதியே குடுப்பாரு. கௌரவமா முடிஞ்சிரும்."

"நெசம் என்ன?"

"நெசத்த வச்சு என்ன செய்யப் போறீக?"

பின்னால் வந்து நின்ற ஷீலா சொன்னாள். "வெளையாட்டுக்குப்பா. அந்தக் கம்ப்யூட்டர் வெளையாட்டுக்கு."

பெரியநாயகம் இரண்டு வருஷமாக உறவுக்காரர்களிடம் மகன் கம்ப்யூட்டர் உத்தியோகம் பார்ப்பதாகவே சொல்லி வந்தார். காரைக்குடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் அவனும் நாலைந்து பையன்களும் சேர்ந்து, யாரோ வெள்ளைக்காரன் செய்த துப்பாக்கி விளையாட்டுக்குள் புதுப் புது இடங்களைக் கட்டிக்கொண்டிருந்தார்கள் என்பது அவருக்குத் தெரியும். இருபத்திமூன்று வயது ஆண்பிள்ளை விளையாடுகிறான் என்று சபையில் எப்படிச் சொல்வது? அதைப்பற்றி வீட்டில் பேசக்கூடாது என்று சொல்லியிருந்தார். யாரும் பேசவில்லை.

வாசலுக்கு வந்தார். "நீதான மாயக்கண்ணன்? அந்த வீட்டுச் சாவி ஒங்க அப்பாகிட்டத்தான இருக்கு?"

"ஆமாய்யா. அவுகதேன் வாட்ச்மேன்." பையன் நிமிரவில்லை. "போன வாரம் கேட்டு வந்தான். நாந் தரல."

"ஏன்?"

"சண்டை. வெளையாட்டுக்குள்ள மொத வீட்ட ரெண்டு பேருந்தேன் கட்டுனோம். மெட்ராஸ் கம்ப்யூட்டர் பத்திரிகைக்காரக புத்தகத்தோட குடுக்குற சிடில அதப் போட்டாக. நான் எம் பேர மட்டும் எழுதி அனுப்பிட்டேன். அதுலயும் அவன் துப்பாக்கியே வேணாம்னான், சும்மா நடந்து பாத்தாப் போதும்னான். சுடாத வெளையாட்ட எவன்டா வெளையாடுவான்னு எல்லாருஞ் சிரிச்சோம். நீங்க சிரிச்ச வீட்ட நாந் தனியாக் கட்டுறேன்னு போனான்."

"சாவி குடுத்திருந்தா படி வழியா ஏறியிருப்பான்."

பெரியநாயகம் உள்ளே திரும்பினார்.

பிரபுவிடமிருந்து நோட்டை வாங்கிக் கண்ணாடியைப் போட்டார். ஒரு பக்கம் பார்த்தார். பிறகு ஆள்காட்டி விரலைப் பக்கத்தின் அடியில் வைத்தார்.

"தம்பி, இத மேலருந்து படிக்கக் கூடாது."

சர்வே புத்தகத்தைக் கீழ்வரியிலிருந்துதான் எழுதுவார்கள். அளப்பவன் முன்னால் நடக்க நடக்க எழுத்தும் மேலே ஏறும். இதை அவர் மகனுக்குச் சொன்னதில்லை. எங்கே பார்த்தானோ. விரல் ஏறியது. தலைவாசல், தேக்குக் கதவு ஒன்று, அகலம் ஆறு அடி இரண்டு அங்குலம். முகப்பு. உள்முற்றமான வளவு, தூண் பன்னிரண்டு, இடைவெளி ஏழடி. படிக்கட்டு. படி ஒவ்வொன்றின் உயரமும் தனியாக. மாடி, கண்ணாடி இரண்டு, ஜன்னல் எட்டு. எண்கள் சுத்தமாக இருந்தன. ஓரிடத்தில்கூட அடித்தல் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே கடைசி வரி: கூரை விளிம்பு முதல் வளவுத் தரை வரை. அதற்கு நேரே எண் இல்லை.

பெரியநாயகம் அந்த வரியிலிருந்து விரலை எடுக்க நேரம் பிடித்தது. அருளம்மாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நோட்டோடு வாசல் பந்தலுக்குப் போனார். அங்கே ஊர்க்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"எம் மகன் களவுக்குப் போகல" என்றார். "கம்ப்யூட்டர் வெளையாட்டு ஒண்ணு. அதுக்கு வீட்ட அளக்கப் போனான். சாவி கெடைக்கல, சுவரேறிட்டான். சுவரேறுனது தப்பு. வேற தப்புப் பண்ணல."

பின்வரிசையில் ஒருவர் கேட்டார். "வெளையாட்டுக்கா மாமா உசுர விட்டான்?"

"ஆமா. வெளையாட்டுக்கு."

பிரபு தலையைக் குனிந்துகொண்டார். பிறகு நாற்காலிகள் நகர்ந்தன. தூக்க ஐந்து பேர் எழுந்தார்கள். ஆறாவதாக மாயக்கண்ணன் படியைத் தாண்டி உள்ளே வந்தான். பெரியநாயகம் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"முன்னால வேணாம். ஒசரம் பத்தாது, பெட்டி சாயும். பின்னால பிடி."

ஏட்டு நோட்டைத் திருப்பி வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். கோயில் மணி ஒற்றை ஒற்றையாக அடித்தது.

சர்வேயர் அந்த நோட்டைப் போலீஸ் கையில் கிடைக்காமல் பெட்டிக்குள் வைத்துப் புதைத்துவிட்டார் என்று ஊரில் இன்றைக்கும் பேசுகிறார்கள். அது பொய். விசாரணை முடிந்து, முப்பதாம் நாள் பூசையன்று ஏட்டே அதைக் கொண்டுவந்து கொடுத்தார். அன்று மத்தியானம் பெரியநாயகம் டேப்பை எடுத்துக்கொண்டு நேமத்தான்பட்டிக்குப் போனார். மாயக்கண்ணன் சாவியோடு வந்தான். நோட்டு இப்போது அவனிடம் இருக்கிறது. அட்டையில் ஆனந்தின் பெயர் மட்டும்தான். உள்ளே எல்லாம் பென்சில் எழுத்து. மேல்வரியின் காலி இடத்தில் மட்டும் பேனாவால் எழுதியிருக்கிறது: இருபத்திமூன்று அடி, நான்கு அங்குலம்.