விடுபட்ட நாலு மைல்

அன்று காலை அவர் சின்ன வாள் ஒன்றால் என் பற்தூரிகையின் பிடியை அறுத்துக்கொண்டிருந்தார். சமையலறை மேசையில் இரண்டு முதுகுப்பைகள், மாவு நிறுக்கும் தராசு, பொட்டலம் கட்டிய சம்பல் தூள். மொன்றியலுக்குப் பக்கத்தில், எங்கள் புரோசார்ட்டில் மார்ச் மாதப் பனி இன்னும் வேலியை மூடிக் கிடந்தது. பத்து நாளில் அரிசோனாப் பாலைவனத்துக்கு விமானம்.

"அரைப் பிடி போதும். ஏழு கிராம் குறையுது," என்றார்.

"உங்கட தொப்பையைக் குறைச்சால் ஏழு கிலோ குறையும்."

"உம்மட முழங்காலை வீட்டில விட்டிட்டு வந்தால் அதைவிடக் குறையும்."

அறுத்த துண்டைத் தராசில் வைத்துப் பார்த்தார். ஆறு கிராம். "ஒண்டு பிழைச்சுப்போச்சு," என்றார். பிறகு சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு, "வாறன்," என்று வேலைக்குப் போனார்.

என் கணவர் மகேந்திரராசா மொன்றியல் துறைமுகத்தில் கொள்கலன் இறக்கும் கிரேன் ஓட்டினார். அன்றிரவு உடைமாற்றும் அறையில், ஒரு சப்பாத்தைக் கழற்றிவிட்டு மற்றதன் நாடாவை அவிழ்க்கக் குனிந்தவர் நிமிரவில்லை. மாரடைப்பு. வயது அறுபத்தொன்று.

அரிசோனாவில் நாங்கள் நடந்துவந்தது, மெக்சிக்கோ எல்லையிலிருந்து யூட்டா வரை போகும் எண்ணூறு மைல் நடைபாதை. சிலர் ஒரே மூச்சில் இரண்டு மாதம் நடந்து முடிப்பார்கள். எங்களுக்குக் கிடைத்தது வருடத்தில் இரண்டு கிழமை விடுமுறை. ஒவ்வொரு முறையும் ஒரு துண்டாக, தெற்கிலிருந்து வடக்காக நடந்து வந்தோம். போன முறை பாதையோர அடையாளக் கம்பங்களில் எந்தக் கம்பத்தடியில் நிறுத்தினோமோ அந்தக் கம்பத்தைத் தொட்டுவிட்டுத்தான் அடுத்த துண்டைத் தொடங்குவார். பகல் முழுவதும் மண்ணிலிருந்து நூற்றைம்பது அடி உயரத்தில் இருக்கிற மனிதனுக்கு, மண்ணில் ஒரு அடிகூடத் தவறக்கூடாது.

அவருக்கு இன்னொரு சட்டமும் இருந்தது. தெருவைப் பாதை கடக்கும் இடங்களில் இரும்புப் பெட்டிக்குள் ஒரு பதிவேடு இருக்கும். நடப்பவர்கள் பெயரும் ஊரும் எழுதுவார்கள். எங்காவது வாகனத்தில் ஏறியிருந்தால் அதையும் எழுதவேண்டும், அதில் பொய் எழுதுவது பாதைக்கே துரோகம் என்பார்.

அவர் சாவதற்கு முந்திய ஒக்டோபரில் நாங்கள் வாகனத்தில் ஏறினோம். காலையிலிருந்தே என் வலது முழங்கால் நொந்தது. ஒரு ஏற்றம் முடிந்து தெருவுக்கு வந்ததும் அவர் நின்று என் காலையே பார்த்தார். "ஏலாதெண்டால் ஏறுவம்," என்றார். "நடப்பன்," என்று நான் சொல்லி முடிக்குமுன் கையைக் காட்டி ஒரு பழைய வண்டியை மறித்துவிட்டார். மாட்டுப்பண்ணை வைத்திருந்த சிசிலி என்ற பெண் எங்களை நாலு மைல் தள்ளி, பாதை தெருவைக் கடக்கும் அடுத்த கடவையில் இறக்கிவிட்டாள். நான் முழங்காலுக்குப் பட்டி சுற்றிக்கொண்டிருந்தேன்; அவர் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தார். நெடுநேரம் எழுதினார். அதற்குப் பிறகு இரண்டு மணிநேரம் நிழலில் இருந்துவிட்டு மெல்ல நடந்தோம்.

வீட்டுச் சுவரில் இருந்த வரைபடத்தில் நடந்த தூரத்தைச் சிவப்புப் பேனையால் கீறுவார். அந்த நாலு மைல் மட்டும் ஒரு நகக்கண் அளவு வெள்ளையாக நின்றது.

"இவவின்ர முழங்கால் நாலு மைலை விழுங்கிப்போட்டுது," என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொன்னார். அவருடைய சிநேகிதர் பேரின்பநாதன் என்னை எங்கே கண்டாலும், "என்ன அக்கா, செமிச்சிட்டுதோ?" என்பார். நானும் சிரித்தேன்.

அவர் செத்த எட்டாம் நாள், எட்டுச்செலவன்று, அதே பேரின்பநாதன், கண் சிவந்து, அந்த வரைபடத்தின் முன்னால் நின்றார். "பாவம், அந்த நாலு மைலை நடக்காமலே போயிட்டான்." குத்திச் சொல்லவில்லை. ஆனால் ஒரு வருடம் அந்த வசனத்தோடுதான் நான் படுத்தெழும்பினேன். அந்த மனிதன் ஆசைப்பட்ட ஒன்றே ஒன்றில் என் முழங்கால் ஓட்டை போட்டுவிட்டது.

ஆண்டுத் திவசம் முடிந்ததும் மகள் நிருஷாவிடம் சொன்னேன். "அந்த நாலு மைலையும் நான் நடக்கவேணும்."

"தனிய விடமாட்டன். நானும் வாறன்," என்றாள்.

ஏப்ரலில் போனோம். சிசிலி எங்களை ஏற்றிய இடத்துக் கம்பத்தைத் தொட்டுவிட்டுத் தொடங்கினேன். சிவந்த மண், ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் கள்ளிகள், காய்ந்த ஆறு ஒன்று. கடினமான ஏற்றம் எதுவும் இல்லை. இரண்டரை மணிநேரத்தில் அடுத்த கடவைக்கு வந்துவிட்டோம். இவ்வளவுதானா என்று இருந்தது.

பெட்டியைத் திறந்து பதிவேட்டைப் பின்பக்கமாகப் புரட்டியவள் நிருஷாதான். "அம்மா, அப்பான்ர எழுத்து! ஆனால் தமிழில கிடக்கு."

எல்லா இடத்திலும் ஆங்கிலத்தில்தான் எழுதுவார். இங்கே எங்கள் பெயருக்குக் கீழே ஐந்து வரி தமிழ்:

'நாலு மைல் வாகனத்தில் வந்தோம். இவளுடைய முழங்கால்தான் காரணம் என்று சொல்லியிருக்கிறேன். அது பொய். ஏற்றத்தில் எனக்கு நெஞ்சு இறுகிவிட்டது. சொன்னால் இனி என்னை நடக்க விடமாட்டாள்.'

பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பதிவேட்டுக்கும் பொய் சொல்லவில்லை, எனக்கும் உண்மை சொல்லவில்லை. ஒக்டோபரிலிருந்து மார்ச் வரை ஐந்து மாதம். வைத்தியரிடம் போக ஐந்து மாதம் இருந்தது. அந்த ஐந்து மாதமும் என் முழங்காலைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"என்ன எழுதியிருக்கிறார்?" நிருஷா கேட்டாள். அவளுக்குத் தமிழ் கதைக்கத் தெரியும், வாசிக்கத் தெரியாது.

பெயரும் ஊரும்தான் என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள். அவளுடைய அப்பா ஒரு சின்னப் பொய்யும் சொல்லாதவராகவே இருந்திருப்பார். அவளுக்கு முப்பது வயது. அவளுக்குள் ஓடுவதும் அவருடைய இரத்தம்தான்.

விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாக வாசித்துக் காட்டினேன். கடைசி வரிக்கு முன் நிறுத்தினேன். தண்ணீர் குடித்துவிட்டு அதையும் வாசித்தேன்.

அவள் அந்த எழுத்தின்மேல் விரலை ஓட்டினாள். பிறகு, "நீங்கள் விட்டிருப்பீங்களோ, அம்மா?"

"விட்டிருக்கமாட்டன். ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போயிருப்பன்." அவளுடைய கையைப் பிடித்தேன். "உனக்கு நெஞ்சில எதெண்டாலும், அண்டைக்கே சொல்லவேணும். விளங்குதோ?"

"ஓம்." மூக்கைத் துடைத்தாள். "அப்ப உங்கட முழங்காலுக்கு ஒண்டும் இல்லையோ?"

"ஆர் சொன்னது? அதுவும் நொந்ததுதான்."

அவருடைய வரிகளுக்குக் கீழே இடம் இருந்தது. 'ஜெகதீஸ்வரி, நிருஷா. மொன்றியல். நாலு மைலும் நடந்தோம்,' என்று தமிழில் எழுதிப் பெட்டியை மூடினேன்.

வீட்டு வரைபடத்தில் அந்த இடத்தைக் கீறவில்லை. சிவப்புக் கோடு அவர் நடந்தது. படியிறங்கும்போது வலது முழங்கால் இப்பவும் நோகிறது.