நேரில் வந்து பார்க்கணும்

ஷரீஃப் எழுதிய கடை மென்பொருள் தி.நகரில் நாற்பது ஜவுளிக் கடைகளில் ஓடிக்கொண்டிருந்தது. முன்பெல்லாம் அதை ஓட்டிப் பார்க்க அவரே போயாக வேண்டும். ஒரு கடையில் வைரஸ், இன்னொரு கடையில் பிரிண்டர் முரண்டு. புது வெர்ஷன் வந்தால் பென் டிரைவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கடை கடையாக ஏற வேண்டும். கம்ப்யூட்டர் திறந்து மூடும் நேரத்தில் டீ வரும், வம்பு வரும், யார் வீட்டுக் கல்யாணத்துக்காவது பத்திரிகை வரும்.

பிறகு எல்லாம் பிரவுசருக்குள் வந்துவிட்டது. ஆரம்பத்தில் ஷரீஃப் நம்பவில்லை. ஒரு பக்கம் திறக்கவே மூச்சு வாங்கும் இடத்தில் ஒரு கடையையே நடத்த முடியுமா? கற்றுக்கொண்டு உட்கார்ந்தபோது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. ஒரு சேலையின் படத்தை விரலால் இழுத்து அடுத்த கிளையில் போட்டால் இரண்டு கடையிலும் கணக்கு அந்தக் கணமே மாறியது. நெட் போனாலும் பில் நிற்கவில்லை. ஒன்றரை வருடம் உழைத்து முழுவதையும் திருப்பி எழுதினார். அவர் எழுதியதிலேயே நல்ல மென்பொருள் அதுதான். அதற்கப்புறம் அவரை எந்தக் கடையும் கூப்பிடவில்லை. மந்தைவெளி வீட்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் எல்லாக் கடைக்கும் புது வெர்ஷன் போய்விடும். திரையில் கடை ஊழியர் யாருடைய பெயருக்குப் பக்கத்திலாவது பச்சைப் புள்ளி தெரிந்தால் அவர் வேலையில் இருக்கிறார் என்று அர்த்தம். அவ்வளவுதான். மனைவி கைசர் ஜஹானும் மகளின் பிரசவத்துக்காக மஸ்கட் போயிருந்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சுயம்புலிங்கம் அண்ணாச்சி கடையிலிருந்து திரையில் ஒரு செய்தி வந்தது. 'அண்ணே, விலை லேபிள் ஒரு வரி கீழே தள்ளி வருது. பேச்சியம்மாள்.'

பேச்சியம்மாள் அந்தக் கடையில் பில் போடுகிறவள். அவர் போனால் ஸ்டூலை இழுத்துப் போட்டு, "இன்னாண்ணே, எளைச்சுட்டீங்க?" என்று ஆரம்பிப்பாள். அப்புறம் சிரிப்புதான்.

கோளாறு எங்கே என்று உடனே தெரிந்துவிட்டது. திருத்தியும் விட்டார். அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. ஆனால் விரல் அந்தப் பொத்தானுக்குப் போகாமல் பதில் தட்டியது. 'நேரில் வந்து பார்க்கணும்.'

குளித்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு ஆட்டோ பிடித்தார்.

முகூர்த்த நாட்கள் நெருங்கிக்கொண்டிருந்ததால் கடையில் கால் வைக்க இடமில்லை. "வாங்க பாய்! என்ன இவ்வளவு தூரம்?" என்று கல்லாவிலிருந்து அண்ணாச்சி எழுந்தார். ஷரீஃபின் கண் பில் மேஜைக்குப் போனது. பேச்சியம்மாளின் நாற்காலியில் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன.

"பேச்சி லீவா?"

"அவ வேளச்சேரி வீட்டுல இருந்துல்லா வேலை பாக்கா! பொங்கல்ல இருந்தே அப்படித்தான். பில்லை இங்க பையன் தட்டிருதான், சரக்குக் கணக்கு, உங்களுக்குச் சேதி அனுப்புதது பூரா அவ அங்கேருந்து பாத்துக்கிடுதா. எல்லாம் நீங்க செஞ்சு குடுத்ததுதானே!"

பச்சைப் புள்ளி எங்கிருந்து எரிகிறது என்று அவர் யோசித்ததே இல்லை.

அண்ணாச்சியின் மகன் ஹரி வந்து லேபிளைக் காட்டினான். ஷரீஃப் செல்போனிலேயே திருத்தத்தை அனுப்பினார். அடுத்த லேபிள் சரியாக வந்தது.

"இத வீட்ல இருந்தே பண்ணியிருக்கலாமே அங்கிள்? போன தடவை அப்படித்தான பண்ணீங்க?"

"பிரிண்டரையும் ஒரு தடவை கண்ணால பார்த்துடலாம்னுதான்..." என்று இழுத்தார். ஹரி அதற்குள் பட்டுப்புடவை கேட்டவர்களிடம் திரும்பியிருந்தான். டீ சொல்லி அனுப்பியிருப்பதாக அண்ணாச்சி சொன்னார். ஒரு கல்யாண வீட்டார் வந்து அவரை மாடிக்கு அழைத்துப் போனார்கள். போகிற வருகிறவர்கள் இடிக்க, ஷரீஃப் தூணோரமாகக் கொஞ்ச நேரம் நின்றார். டீ வரவில்லை. யாரிடமும் சொல்லாமல் படி இறங்கினார்.

பனகல் பார்க்கில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து பேச்சியம்மாளுக்கு போன் போட்டார்.

"அண்ணே! லேபிள் சரியாப்பூட்ச்சுன்னு ஹரி சொன்னாரே. மறுக்கா இன்னா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. கடைக்கு வந்தேன். நீ இல்ல."

"அய்ய, நான் அங்க வர்றதே இல்லியே! ரெண்டு பஸ் மாற வேணாம், முட்டி தப்பிச்சுது. உங்களுக்குப் புண்ணியமாப் போவும். ஆனா ஒண்ணுண்ணே. காலைல பொட்டி முன்னாடி குந்துனா சாயங்காலம் வரிக்கும் வாயே தொறக்கறதில்ல. டிவில சீரியல ஓட வுட்டு வெச்சிருக்கேன். பாக்கறதில்ல. மன்சங்க கொரல் கேட்டுக்கினு இருக்கட்டும்னு."

உன்னோடு பேசத்தான் வந்தேன் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. "அந்த ஸ்டாக் பக்கத்துல ஏதாவது மாத்தணுமா?" என்று கேட்டார்.

"ஒண்ணியும் வேணாம்ணே. நல்லா ஓடுது. இருங்க இருங்க, திருப்பூர் சரக்கு ஏத்திக்கினு கீறாங்க. அப்பால பேசறேன்."

சாயங்காலம் கைசர் ஜஹான் வீடியோவில் வந்தாள். மடியில் பேரன். "என்னங்க, இஸ்திரி சட்டையெல்லாம்? வெளிய போனீங்களா?"

"தி.நகர் போனேன். கடைக்கு."

"நல்லதாப் போச்சு. வீட்டுக்குள்ளேயே கிடக்கிறீங்கன்னு கவலைப்பட்டுட்டு இருந்தேன். எல்லாரையும் பார்த்தீங்களா?"

"பார்த்தேன். எல்லாரையும்."

"டீ கொடுத்தாங்களா?"

"கொடுக்காம விடுவாங்களா?"

பேரன் வீறிட்டான். "இருங்க, பால் கலந்துட்டு வந்துடறேன்" என்று அவள் எழுந்து போனாள். திரையில் மஸ்கட் வீட்டு சோபாவும் ஒரு ஜன்னலும் மட்டும் இருந்தன. அங்கே இன்னும் வெயில் இருந்தது. ஷரீஃப் நாற்காலியை மேஜைக்குப் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, அவள் வருவதற்காக உட்கார்ந்திருந்தார்.