நாற்பத்தோராவது தொப்பி

கோட்டையில் வழிகாட்டிகளான நாங்கள் ஆட்களை எண்ணுவதில்லை, தொப்பிகளைத்தான் எண்ணுவோம். பச்சை ஒரு டூர் கம்பெனி, சிவப்பு இன்னொரு கம்பெனி, மஞ்சள் எங்களுடையது. ஆட்களை நம்பி எண்ணினால் பைத்தியம்தான் பிடிக்கும். ஒருத்தர் குனிந்து செருப்பு வாரை மாட்டுவார், ஒருத்தர் தூணுக்குப் பின்னால் நின்று செல்ஃபி எடுப்பார், ஒரு அம்மா கழிவறை எங்கே என்று கேட்டுக்கொண்டே எதிர்த்திசையில் போவார். தொப்பி அப்படியெல்லாம் படுத்தாது. எத்தனை தூரத்திலிருந்தும் மஞ்சள் மஞ்சளாகத் தெரியும்.

அன்றைக்குக் காலையிலிருந்தே எனக்குக் கை ஒரு இடத்தில் நிற்கவில்லை, கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. என் மாமியார் மறுநாள் காலை ரயிலில் தன் மகள் வீட்டுக்குக் கிளம்புகிறார். நாலு நாள் இருந்துவிட்டு வருவதற்கு அல்ல, ஒரேயடியாக. இரண்டு நாளுக்கு முன் துணி மடித்துக்கொண்டே, "நான் அங்கயே போயி இருந்துக்கலாம்னு பாக்கறேம்மா" என்றார். நான் போனில் அடுத்த வாரத்துக் குழுக்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "சரி அத்தை" என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அதற்குப் பிறகு கேட்கப் பார்த்தால் வீம்பு வந்து குறுக்கே நின்றது. போகிறவர் போகட்டுமே, நானா பிடித்துத் தள்ளினேன்?

ஆனால் கணவருக்குக் கப்பலில் வேலை, சிக்னல் கிடைக்கும்போதுதான் பேச்சு. மகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவது, அழைத்து வருவது, அவளுக்கு ஜுரம் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது எல்லாம் அத்தைதான். அத்தை போய்விட்டால் யார் என்று நினைத்தேன். உண்மையைச் சொல்ல வேண்டுமானால் இந்தக் கவலைதான் முதலில் வந்தது, அத்தை பிற்பாடுதான் வந்தார்.

"போறதுக்கு முன்னாடி நீ வேல பாக்கற எடத்த ஒரு தடவ பாத்துட்டுப் போறேனே" என்று அன்று காலை கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. எங்கெங்கிருந்தோ விமானம் ஏறி ஆட்கள் வந்து பார்க்கிற கோட்டை அது. எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் நாலாவது நிறுத்தம். ஏழு வருஷமாக அத்தையை நான் அங்கே அழைத்துப் போனதே இல்லை. மகளைப் பள்ளியிலிருந்து அழைத்து வரும்படி பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு, அத்தையையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

அன்று வந்தது ஓய்வுபெற்றவர்கள் சங்கம் ஒன்று, நாற்பத்தொரு பேர். எல்லோரும் அத்தை வயசு. வெயில் மண்டையைப் பிளந்தது. பையில் கிடந்த ஒரு மஞ்சள் தொப்பியை எடுத்து அத்தை தலையில் நானேதான் வைத்தேன். "நல்லாருக்கா?" என்று கேட்டார். "ம், நல்லாருக்கு, வாங்க வாங்க" என்று சொல்லிக்கொண்டே திரும்பி, குடையைத் தூக்கிப் பிடித்து நடக்க ஆரம்பித்துவிட்டேன்.

முதலில் யானைக் கொட்டடி, பிறகு குளம், பிறகு ராணியின் மண்டபம். ராணி சிலையிடம் வந்தால்தான் எனக்கே குரல் எடுபடும். பாதி முகம் உடைந்துபோன சிலை அது. மிச்சமிருக்கிற பாதியை நான் கண்ணை மூடிக்கொண்டே சொல்வேன். புருவத்தின் ஓரத்தில் ஒரு சின்னச் சில்லு பெயர்ந்திருக்கும், கீழுதட்டின் ஓரம் லேசாக மேலே ஏறியிருக்கும், கோபமா சிரிப்பா என்று சொல்ல முடியாது. "நல்லாப் பாருங்க. ஆயிரம் வருஷமா ஏதோ சொல்ல வந்து நிறுத்திட்டாங்க" என்று சொல்லி நிறுத்துவேன். கூட்டம் அப்படியே மூச்சடங்கி நிற்கும். அன்றும் நின்றது. அந்தக் கூட்டத்தில் அத்தை எந்தப் பக்கம் நின்றார் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

மண்டபத்தைவிட்டு வெளியே வந்ததும் முட்டி வலிக்கிறது என்றார். வாசல் பக்கத்து மரத்தடிப் பெஞ்சில் உட்கார வைத்தேன். அவருடைய போனும் கண்ணாடிக் கூடும் என் தோள்பையில் இருந்தன. "இங்கயே இருங்கத்த, இவங்கள அனுப்பிட்டு வந்துடறேன். எங்கயும் நகராதீங்க."

"நான் எங்க நகரப் போறேன்" என்றார்.

அடுத்த அரை மணி நேரம் வழக்கமான கூத்து. பொம்மைக் கடையில் பாதிப் பேர், தண்ணீர்க் குழாயில் பாதிப் பேர். பஸ் டிரைவர் வழக்கம்போல ஹார்னில் ஏறி உட்கார்ந்துகொண்டார். சாயங்காலத்துக்குள் அடுத்த ஊரில் இருக்க வேண்டும், வழியில் சாப்பாடு வேறு. எனக்கு அடுத்த குழு வாசலில் வந்து நின்றுவிட்டது. குடையைத் தூக்கி, "மஞ்சத் தொப்பி எல்லாரும் ஏறுங்க, ஏறுங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். ஏறினார்கள். சங்கத் தலைவர் முன் சீட்டில் அதற்குள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். நான் உள்ளே போய் விரலை நீட்டி நீட்டி எண்ணினேன். நாற்பத்தொன்று. கச்சிதம். இறங்கினேன், பஸ் போய்விட்டது.

மரத்தடிப் பெஞ்சில் மஞ்சள் தொப்பி தெரிந்தது. முகத்தின்மேல் தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டு தூங்குகிறார், பாவம். எனக்கு என்னவோ போலிருந்தது. அடுத்த குழு எக்கேடும் கெடட்டும், ஐந்து நிமிஷம் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பேச்சை எடுத்துவிடலாம் என்றுதான் போனேன்.

"அத்த, டீ குடிக்கலாமா?"

தொப்பி நகர்ந்தது. உள்ளிருந்து வெள்ளை மீசை ஒன்று எழுந்தது. "குடிக்கலாமே" என்றது.

சங்கத்து ஆள். மண்டபத்தில் எனக்கு முன்னால் நின்று சந்தேகம் கேட்டுக் குடைந்த அதே பெரியவர்.

"நீங்க ஏன் சார் இங்க இருக்கீங்க? பஸ் போயிடுச்சே!"

"போயிடுச்சா? எண்ணாமயா போயிட்டாங்க?"

"நான்தான் சார் எண்ணினேன். நாப்பத்தொண்ணு, சரியா இருந்துச்சு."

அவர் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு யோசித்தார். அவர் யோசித்து முடிப்பதற்குள் எனக்கு உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை ஜில்லென்று இறங்கிவிட்டது. நாற்பத்தொன்று சரி. இவர் இங்கே இருக்கிறார். அப்படியானால் பஸ்ஸில் இருந்த நாற்பத்தோராவது தொப்பி யாருடையது?

அத்தைக்குப் போன் போட்டேன். என் தோள்பைக்குள்ளேயே மணி அடித்தது. டிரைவருக்குப் போட்டேன். அவர் வண்டி ஓட்டும்போது எடுக்கவே மாட்டார், போன மாதம் நானே அதற்காக அவரைப் பாராட்டியிருந்தேன். தூங்குமூஞ்சித் தலைவரின் நம்பர் ஆபீசில் இருந்தது, ஆபீசில் லைன் பிஸி. வாசலில் எனக்காகக் காத்திருந்த குழுவை 'வானொலி' தலையில் கட்டினேன். வானொலி சக வழிகாட்டி, வாயைத் திறந்தால் மூட மாட்டார் என்பதால் அந்தப் பெயர். "என்னாச்சு, ஏன் மூஞ்சி வெளுத்துக் கெடக்கு?" என்றார்.

"எங்க அத்தைய பஸ்ல ஏத்தி அனுப்பிட்டேன்."

"நல்லதுதான? நாளைக்குப் போறதா சொன்ன, இன்னைக்கே போயிட்டாங்க" என்று சிரித்தவர், என் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக இருக்கும்.

பெரியவரை டாக்ஸியில் ஏற்றிக்கொண்டு பறந்தேன். பஸ் சாப்பாட்டுக்கு நிற்கிற ஓட்டல் நெடுஞ்சாலையில் இருந்தது. அத்தை வழியிலேயே எங்காவது இறங்கியிருந்தால்? கையில் காசு கிடையாது, கண்ணாடி கிடையாது, என் நம்பர் மனப்பாடமாகத் தெரியுமா என்பதுகூட எனக்குத் தெரியாது. பெரியவரோ ஜன்னல் வழியே காற்று வாங்கிக்கொண்டு வந்தார்.

"அந்த ராணி சிலையோட இன்னொரு பாதி எங்க இருக்கும்?" என்று கேட்டார்.

"தெரியாது சார்!" என்று எரிந்து விழுந்தேன். அப்புறம் மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "உங்க அத்தை பாக்க எப்படி இருப்பாங்க? ஓட்டல்ல நானும் தேடறேன்" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். உயரம் சுமார், உடம்பு சுமார், முடி நரை. அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. "மஞ்சத் தொப்பி போட்டிருப்பாங்க" என்றேன். சொன்ன உடனேயே வெட்கமாக இருந்தது.

பஸ் ஓட்டல் வாசலிலேயே நின்றது. எல்லோரும் இன்னும் பஸ்ஸுக்குள்ளேதான் இருந்தார்கள், ஓட்டலில் இடம் காலியாவதற்காகக் காத்திருந்தார்கள். நான் படியில் தாவி ஏறினேன். அத்தை கடைசி வரிசையில் ஜன்னலோரம், செருப்பைக் கழற்றிவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் நாலைந்து பெண்கள். ஏதோ சொல்லிச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். அத்தைக்கு இப்படிப் பேச வரும் என்று எனக்குத் தெரியாது.

"வந்துட்டாங்கப்பா மருமக!" என்றார் பக்கத்து சீட்டுக்காரம்மா. "உன்னப் பத்திதாம்மா பேச்சு. எங்க மருமக அந்த ராணிய சொன்னா கல்லே எந்திரிச்சு நடக்கும்னு சொல்லிட்டே வராங்க."

எனக்கு அதைக் காதில் வாங்கும் நிதானம் இல்லை. "ஏன்த்த இப்படிப் பண்ணீங்க? நகராதீங்கன்னு சொன்னேன்ல? என் உசுரே போயிடுச்சு!" என்று அத்தனை பேர் முன்னால் கத்தினேன்.

அத்தை நிதானமாகச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

"தண்ணி குடிக்கலாம்னு எந்திரிச்சு வந்தேன். நீ குடையத் தூக்கிட்டு, மஞ்சத் தொப்பி எல்லாம் ஏறுங்கன்னு கத்துன. சரி, நம்மளையும் எங்கயோ கூட்டிட்டுப் போறா போலன்னு ஏறுனேன். அப்புறம் நீ உள்ள வந்து எண்ணுன. என் மூஞ்சிக்கு நேரா வெரல நீட்டி முப்பத்தெட்டுன்ன. நான் சிரிச்சேன். நீ முப்பத்தொன்பதுக்குப் போயிட்ட."

எனக்கு முப்பத்தெட்டு நினைவிருந்தது. சிரித்த முகம் நினைவில் இல்லை.

பெரியவர் ஏறி வந்து அந்த ஜன்னலோரத்தில் உட்கார்ந்தார். அத்தையோடு ஊர்க்கதை பேசிய பெண்கள் அவரைப் பார்த்து, "நீங்க எப்ப சார் காணாமப் போனீங்க?" என்று கேட்டார்கள். அவர் முகம் சுண்டிவிட்டது. அத்தை தன் தொப்பியைக் கழற்றிப் பார்த்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டு இறங்கினார்.

திரும்பி வரும்போது டாக்ஸியில் நான் விரல் நகத்தைக் கடித்துக்கொண்டே இருந்தேன். தூரத்தில் கோட்டைச் சுவர் தெரிய ஆரம்பித்தது.

"பஸ் எடுக்கும்போது நான் ஏறலன்னு தெரிஞ்சிருக்கும்ல? அப்பவே எறங்கியிருக்கலாமே, அத்த" என்றேன்.

"எறங்கியிருக்கலாம்."

"அப்புறம் ஏன்?"

"நீ கூப்புடுவியான்னு பாத்தேன்" என்றார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "ரெண்டு நாளா அதத்தான் பாத்துட்டிருக்கேன்" என்றார்.

தினமும் நூறு பேருக்கு முன்னால் ஏற்ற இறக்கத்தோடு பேசுகிற வாய் இது. கையைப் பிசைந்தேன், பையின் ஜிப்பைத் திறந்தேன், மூடினேன். கடைசியில் முன்சீட்டின் முதுகைப் பார்த்துக்கொண்டு, "போகாதீங்கத்த" என்றேன்.

"யாருகிட்ட சொல்ற? டிரைவர்கிட்டயா? இந்தப் பக்கம் திரும்பி, என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

திரும்பினேன். தொப்பியை எடுத்து மடியில் வைத்திருந்தார். இடது புருவத்துக்கு மேலே ஒரு பழைய தழும்பு இருந்தது. கண்ணுக்குக் கீழே சின்னதாக ஒரு மச்சம். கீழுதடு நடுங்கிக்கொண்டிருந்தது. ஏழு வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன், இந்தத் தழும்பு எப்போது வந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

"இது எப்படி வந்துச்சு?" என்று புருவத்தைத் தொட்டுக் கேட்டேன். சொல்ல வந்ததை விட்டுவிட்டு அதைத்தான் கேட்டேன்.

அத்தை என்னையே பார்த்தார். "அது பெரிய கத" என்றார். "உக்காந்து கேக்கணும்."

"கேக்கறேன்" என்றேன். "நாளைக்கு வேலைக்குப் போகல."