சில்லுமேட்டுக்கு வழி காட்டியவள்

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. கடியப்பட்டணத்துக்கு மேற்கே, உரோமாபுரிக் கப்பல்கள் வந்து நின்ற துறை ஒன்று இருந்ததாக யாரோ சொல்லக் கேட்டு, ஒரு நாள் முழுக்க வெயிலில் அலைந்தேன். மணலும் தாழம்புதரும்தான் கிடைத்தன. அப்படி ஒரு துறையே கிடையாது என்று ஊர்க்காரர்கள் சாவகாசமாகச் சொன்னார்கள்.

போகட்டும். நானே ஒன்றைக் கட்டி, நானே இடித்துப் போட்டேன். உடைந்த சாடிகளின் சில்லு குவிந்து கிடப்பதால் சில்லுமேடு என்று பெயர் வைத்தேன். துறைமுகத்தைப் பாழாக்க ஒரு வரி போதும். அதைப் பார்க்க ஆள் கொண்டுவருவதுதான் பெரும்பாடு.

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றாம் ஆண்டு, பொன்மணலில் பாதம் பதித்து நடந்த சரித்திர ஆசிரியர் ரசலையனின் நெஞ்சில், யுகங்களின்—"

அடித்துவிட்டேன். நாகர்கோவில்காரரான ரசலையன் சார் மணல் சுட்டால் செருப்பைத் தேடுகிறவர். நல்ல மனுஷர், கொஞ்சம் வளவளப்பு. அவ்வளவுதான்.

நடந்தது இது. கடற்கரையில் சுற்றிக்கொண்டிருந்த சார், மரியானின் வீட்டு முற்றத்தில் காய்ந்த வலையைப் பார்த்தார். வலையை அமிழ்த்தக் கட்டியிருந்த கற்களுக்கு நடுவே ஒரு சாடிக் கைப்பிடியும் தொங்கியது. அது யவனரின் மதுச்சாடியுடையது என்று கண்டதும் அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. மரியான் கடலுக்குப் போயிருந்தான். அவன் பெண்டாட்டி மதலேனாள் முற்றத்தில் மீன் உலர்த்திக்கொண்டிருந்தாள். எங்கே கிடைத்தது என்று அவளிடம் கேட்டார். சில்லுமேட்டில் என்றாள். வழி காட்ட ஆள் கிடைக்குமா என்றார்.

"நான் காட்டித் தாறேன் சாரே" என்றாள் அவள்.

இந்த இடத்தில் எனக்கே அவள்மேல் சந்தேகம் வந்தது. மீனைக் காக்காய்க்கு விட்டுவிட்டு எந்தப் பெண் கிளம்புவாள்? அதுவும் பெண்கள் போகக்கூடாத இடத்துக்கு?

3

(காரணத்தை ஒளித்துவைத்துக் கடைசியில் எடுத்து நீட்டலாம். ஒரு தாயின் விஷயத்தில் கண்ணாமூச்சி ஆட எனக்குக் கூசுகிறது. இப்போதே சொல்லிவிடுகிறேன்.)

மதலேனாளின் முதல் பிள்ளை மூச்சில்லாமல் பிறந்தது. ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்கு மந்திரித்த கல்லறை மண்ணில் இடமில்லை. அப்படிப்பட்ட பிள்ளைகளைத் தகப்பன் மட்டும் தூக்கிக்கொண்டு சில்லுமேட்டுக்குப் போவான். புதைத்து, நாய் தோண்டாமலிருக்கப் பெரிய சாடி ஓடு ஒன்றைக் கவிழ்த்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வருவான். தாய் அங்கே போனால் அடுத்த கருவும் தங்காது என்று சொல்லிவைத்திருந்தார்கள். போகாமலிருந்தும் அவளுக்குத் தங்கவில்லை.

அன்று பிள்ளையைப் புதைத்துவிட்டு மரியான் வந்தபோது அவன் கையில் இந்தக் கைப்பிடி இருந்தது. அதை வலையில் கட்டிக்கொண்டு கடலுக்குப் போனான். எந்த ஓட்டுக்கு அடியில் என்று மட்டும் ஒரு தடவை கேட்டாள். அவன் சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனான்.

ஒரு தடவை அங்கே போய் நிற்கவேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். அதற்கொரு சாக்கு இத்தனை வருஷம் கழித்துச் செருப்புப் போட்டுக்கொண்டு வந்து நின்றது.

4

வழி அவளுக்கும் தெரியாது. ஆண்கள் போகும் திக்கைப் பார்த்து வைத்திருந்தாள். சார் வழியெல்லாம் யவனக் கப்பல், மிளகு, முத்து என்று பேசிக்கொண்டு வந்தார். அவள் பேருக்கு ஊம் கொட்டினாள்.

(உரோமாபுரிக்காரரும் செத்த சிசுவைச் சாடிக்குள் வைத்துப் புதைத்ததுண்டு. சாரை விட்டு இதைச் சொல்லவைத்தால் கதை கச்சிதமாகிவிடும். ஆகையால் சொல்லவைக்கவில்லை.)

மேட்டில் ஏறியதும் சாருக்குக் கண் கலங்கியது. இரண்டாயிரம் வருஷம் என்றார். அவளுக்கும் கலங்கியது. எல்லா ஓடும் ஒன்றுபோல் இருந்தன. சார் ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்துப் பைக்குள் போட்டார். அவர் எடுத்த ஒவ்வொரு இடத்தையும் அவள் குனிந்து பார்த்தாள்.

பிறகு ஒன்றிடம் வந்தார். பெரிய ஓடு. கவிழ்ந்திருந்தது. சுற்றிலும் சோழி பதித்திருந்தது. மரியான் சோழி பொறுக்குகிறவன் என்று

(இல்லை. அதை நான் எழுதமாட்டேன். அது யாருடைய பிள்ளையாகவும் இருக்கலாம்.)

5

மூன்று முடிவு எழுதினேன். ஒன்றில் அவள் குறுக்கே விழுந்து தடுக்கிறாள். சார் தொப்பியைக் கழற்றுகிறார். எழுதிய எனக்கே வெட்கமாக இருந்தது. இன்னொன்றில் வாயைத் திறக்காமல் திரும்பி நடக்கிறாள். அவ்வளவு தூரம் வந்தவள் திரும்புவாளா?

மூன்றாவதில் சார் குனிந்து ஓட்டின் விளிம்பில் விரல் கொடுக்கிறார். அவள் அவருக்குப் பக்கத்தில் மண்டியிடுகிறாள்.

"மெள்ள, சாரே" என்கிறாள்.

சார் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்கிறார். அவள் எதற்கு வந்தாள் என்று அப்போதுதான் அவருக்குப் புரிகிறது. விரலை எடுக்கவும் முடியவில்லை, ஓட்டைத் தூக்கவும் முடியவில்லை.

அடியில் என்ன இருக்கிறதென்று, மேட்டையே உண்டாக்கிய எனக்குத் தெரியாமல் போகுமா? ஆனால் அவளுக்கு முந்தி நான் பார்ப்பது முறையில்லை. தூக்குவதோ விடுவதோ இனி உங்கள் பாடு. தூக்குவதானால், அவள் முதலில் பார்க்கும்படி கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்கள்.