ஒரே வரியில் நின்ற வாத்தியார்

செல்போன் பழுது பார்க்கிறவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. பள்ளிக்கூடம் மூடிக் கிடந்ததால் கணக்கு வாத்தியார் பாடங்களை வீடியோவாக அனுப்பிக்கொண்டிருந்தார். கடையின் பின்னறையில் மகள் வைத்திருந்த போனிலோ, பின்னங்களைப் பற்றிய ஒரே வரி திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருந்தது.

"ஊருக்கெல்லாம் போன் சரி பண்றேன், என் வீட்டுப் போன் முரண்டு பிடிக்குது! கொண்டா இங்க" என்று திருப்புளியோடு வந்து நின்றார்.

மகள் போனை மறைத்துக்கொண்டாள். "போன் நல்லாத்தான்பா இருக்கு. எனக்குப் புரியற வரைக்கும் நான்தான் சாரைத் திரும்பச் சொல்ல வைக்கிறேன். வகுப்புல இப்படிக் கேட்டா எல்லாரும் சிரிப்பாங்க. இதுல சார் சலிச்சுக்கவே மாட்டாரு."

இன்னொரு முறை அந்த வரி ஓடியது. அவள் விறுவிறுவென்று கணக்கைப் போட்டு முடித்தாள்.

பள்ளி திறந்த பிறகு வாத்தியாரே கடைக்கு வந்தார். "முன்னெல்லாம் உங்க பொண்ணு வாயே திறக்காது. இப்ப 'இன்னொரு தடவை சொல்லுங்க சார்'னு என்னைப் பாதியில நிறுத்திடுது. யார் சிரிச்சாலும் கண்டுக்கறதில்ல. என்னதான் ஆச்சு?"

அப்பா திருப்புளியைக் கீழே வைத்தார். "ஒரு பழுதும் இல்ல சார். இப்பத்தான் சரியா வேலை செய்யுது."