கூப்பிடும் முன்பே வந்த ஆம்புலன்ஸ்

1

இந்தக் கதை என் கற்பனையில் பிறக்கவில்லை. அக்கா போனில் கத்தியதில் பிறந்தது. "ஏன்டா, ஆளு கூப்பிடறதுக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடியே ஆம்புலன்ஸ் போய் நிக்குமாடா?" என்றாள். நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். நிற்காது என்று நுரையோடு சொன்னேன். "என் படத்துல நிக்குதுடா!" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

கூடப் பிறந்தவள் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறாள், நானோ முதல் வாக்கியம் கிடைத்துவிட்டது என்று துள்ளினேன். என் புத்தி அப்படி.

2

தொடக்கம், முதல் முயற்சி: "ஜன்னலோரம் ஒரு பெண், திரையில் எழுந்து தாழும் வளைகோட்டைப் பார்த்தபடி, வாழ்வெனும்

வாழ்வெனும் என்ற இடத்தில் எனக்கே குமட்டியது. அடிக்காமல் விட்டிருக்கிறேன், நீங்களும் கொஞ்சம் அனுபவியுங்கள்.

இரண்டாம் முயற்சி. அக்கா ஆம்புலன்ஸ் சேவை அலுவலகத்தில் புள்ளிவிவரம் பார்ப்பவள். அழைப்பு வந்த பிறகு வண்டி போய்ச் சேர எவ்வளவு நேரமாகிறது என்பதை அவள் வளைகோடாக வரைய வேண்டும். வரைவது ஒரு நிரல் மொழியில். அதற்குப் பெயர் ஒற்றை எழுத்து: ஆர். (பெயர் வைத்தவர்களுக்கு அவ்வளவுதான் பொறுமை இருந்திருக்கிறது.) அந்த மொழி ஒவ்வொரு அழைப்புக்கும், நிமிடங்கள் குறித்த அளவுகோலில் வண்டி போய்ச் சேர்ந்த நிமிடத்தின் மேல் ஒரு பிடி மணலைக் கொட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லா மணலும் சேர்ந்து எழும் மேடு பள்ளத்தின் விளிம்புதான் அந்த வளைகோடு. மணல் இருபக்கமும் சரியும் அல்லவா? சீக்கிரம் போய்ச் சேர்ந்த வண்டிகளின் மணல் பூஜ்யத்தைத் தாண்டி மைனஸ் பக்கம் சரிந்துவிட்டது. கூப்பிடும் முன்பே வண்டி போன கதை இதுதான்.

படித்துவிட்டு அக்கா, "மணல் பரவாயில்ல. ஜன்னலோரத்தை அடி. என் சீட்டுக்கு எதிர்ல இருக்கறது பீரோ" என்றாள்.

3

இனி வில்லன். அக்காவின் மேலதிகாரிக்கு அலுவலகத்தில் இஸ்திரி என்று பெயர். எந்தப் படமும் கசங்காமல் மொழுமொழுவென்று இருக்க வேண்டும் அவருக்கு. அக்காவின் தோளுக்குப் பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்தார்.

"மைனஸ்லயா? பரவாயில்லையேம்மா, அவ்வளவு வேகமா நம்ம ஆளுங்க?"

"சார், அது நிஜம் இல்ல. கோடு வழிஞ்சிருக்கு."

"அப்போ சரி பண்ணிடுங்க. இது என்ன, வலதுபக்கம் கட்டி மாதிரி?"

அக்கா வாயைத் திறப்பதற்குள் அவரே மருந்தும் சொல்லிவிட்டார். "இதையும் கொஞ்சம் தேய்ச்சு விடுங்க. திங்கட்கிழமை கமிட்டி. யார் கண்ணையும் உறுத்தக்கூடாது."

அது கட்டி அல்ல, சின்ன மேடு. ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கமிருந்து வரும் அழைப்புகள் அங்கே குவிந்திருக்கின்றன. கேட் மூடினால் வண்டி நிற்கும், போய்ச் சேர நேரமாகும். அந்தப் பக்கத்திலேயே இன்னொரு வண்டியை நிறுத்திவைப்பதா வேண்டாமா என்று கமிட்டி முடிவு செய்யப்போகிறது. மேடு தெரிந்தால் கேள்வி கேட்பார்கள். தெரியாவிட்டால் டீ குடித்துவிட்டுக் கலைந்துபோவார்கள்.

தேய்க்க ஒரே ஒரு எண் போதும்: மணலை எவ்வளவு அகலமாகக் கொட்டுவது என்ற எண். அந்த மொழியில் அதற்குப் பெயர் 'அட்ஜஸ்ட்'. சத்தியமாக நான் வைத்த பெயரில்லை. ஒன்று போட்டால் மேடு தெரியும். மூன்று போட்டால் பெரிய மேட்டின் சரிவில் கரைந்துவிடும். பொய் என்றும் சொல்ல முடியாது. ஒரு அழைப்பைக்கூட நீக்கவில்லையே. அக்காவுக்கு வயிற்றெரிச்சலே அதில்தான். பொய்யாக இருந்தால் முடியாது என்று சொல்லிவிட்டு வந்திருப்பாள்.

4

(இந்தப் பகுதியை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன்.)

இஸ்திரி எனக்கு நன்றாகவே அமைந்திருந்தார். தொப்பை, எண்ணெய் தடவிய தலை, ஒரு நமட்டுச் சிரிப்பு. அக்கா விடவில்லை. "அவருக்கு ஏதுடா தொப்பை? வண்டிக்கு டயர் இல்லன்னு மேலிடத்துல சண்டை போட்டு வாங்கிட்டு வந்த மனுஷன். லேட்டாகுதுன்னு தெரிஞ்சா சேவையையே வேற யார்கிட்டயாவது தூக்கிக் குடுத்துடுவாங்களோன்னு பயப்படறார். டிரைவருங்க எல்லாம் தெருவுல நிப்பாங்க."

வில்லன் போனார். சரி, நாயகிக்காவது சொந்தக் காரணம் ஒன்று கொடுப்போம் என்று, அக்காவின் மாமியாரை ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் குடிவைத்து நெஞ்சுவலியும் வரவழைத்தேன்.

"நான் நேர்மையா இருக்கறதுக்கு என் மாமியாருக்கு நெஞ்சு வலிக்கணுமா?" என்று கேட்டாள் அக்கா. "யாரோ ஒருத்தருக்கு வலிச்சா போதாதா உனக்கு?"

மாமியாரும் பிழைத்துப் போனார்.*

* அவர் நலமாக இருக்கிறார். இந்தக் கதையில் தமக்கு ஒரு வசனம்கூட இல்லை என்று வருத்தமாம்.

5

இதை நான் சோடிக்கவில்லை. அக்காவிடம் ஒரு டிரைவர் சொன்னது.

கேட் மூடியிருக்கும்போதும் அவர் சைரனை நிறுத்துவதில்லையாம். "எதுக்கு அண்ணே, முன்னாடிதான் வழியே இல்லையே?" என்று அக்கா கேட்டிருக்கிறாள்.

"வழிக்காக இல்லம்மா. அந்தப் பக்கம் வீட்டுல இருக்கறவங்களுக்குக் கேக்கும்ல? நாங்க கிளம்பிட்டோம்னு தெரியட்டும்."

இந்த இடத்தில் ஒரு நல்ல வாக்கியம் எழுத வேண்டும் என்று வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். வரவில்லை.

6

முடிவுகள்.

(அ) அக்கா மேட்டைக் காட்டுகிறாள், கமிட்டி கைதட்டுகிறது, அந்தப் பக்கத்துக்கு வண்டி வருகிறது. எந்தக் கமிட்டி கைதட்டியிருக்கிறது? அடித்தேன்.

(ஆ) அக்கா தேய்த்துவிடுகிறாள். மறுவாரம் கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒருவர்

இல்லை. ஒரு பாடம் சொல்வதற்காக ஆளைக் கொல்லும் வேலையை நான் செய்யப்போவதில்லை.

(இ) இன்று ஞாயிறு. அக்கா மடிக்கணினியோடு என் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்கிறாள். "படம் அனுப்பியாச்சாம்மா?" என்று இஸ்திரி செய்தி அனுப்பியிருக்கிறார்.

"நீதான் பெரிய கதாசிரியனாச்சே. சொல்லு, என்ன நம்பர் போடட்டும்?"

"ஒண்ணரை?"

"போட்டுப் பாத்துட்டேன். மேடும் இல்லாம, மேடு இல்லாமயும் இல்லாம, கை நடுங்கி வரைஞ்ச மாதிரி வருது."

"ஒண்ணு போடு."

"டிரைவருங்க தெருவுக்கு வந்தா நீ சோறு போடுவியா?"

"அப்போ மூணு போட்டுத் தொலையேன்!"

"சைரனைக் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கறவங்களுக்கு நீ போய்ச் சொல்றியா?"

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. "அக்கா, முடிவை வாசகர்கிட்ட விட்டுடலாம்னு இருக்கேன்" என்றேன்.

"விடுவே. உனக்கென்ன, மூணு புள்ளி வெச்சுட்டுக் கையைக் கழுவிக்குவே. கமிட்டிக்கு நான் மூணு புள்ளியை அனுப்ப முடியுமாடா?"

சுருக்கென்று தைத்தது. அக்கா சமன் குறி வரை தட்டிவிட்டு, மடிக்கணினியைத் திருப்பி மேசையின் இந்தப் பக்கம் தள்ளினாள். நான் இன்னும் கொஞ்சம் தள்ளுகிறேன்.

இப்போது அது உங்கள் முன்னால் இருக்கிறது. புள்ளி வைக்காதீர்கள். எண்ணைப் போடுங்கள்.

அட்ஜஸ்ட் =